காட்டுத்தீக்குப் பின் ஒரு செல்லப்பிராணி மீட்பு மையம்: ஐந்து மாத அனுபவத்தின் மதிப்பீடு

காட்டுத்தீ எங்கள் குடியிருப்பைக் கடந்து போன பின்பு, எங்கள் பூனை பஞ்சுவும் நாய் மணியும் ஐந்து மாதங்கள் ஒரு செல்லப்பிராணி மீட்பு மையத்தின் பொறுப்பில் இருந்தன. தொலைந்த விலங்குகளைத் தேடிக் கண்டுபிடிப்பது, காயங்களுக்கு மருத்துவம் செய்வது, வீடிழந்த குடும்பத்துக்கு மறுபடியும் ஓர் இடம் அமையும் வரை விலங்கைத் தற்காலிக வளர்ப்பு இல்லத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வது, திரும்பி வந்த பிறகு சில வாரங்கள் வழிகாட்டுவது ஆகியவையே அந்த மையத்தின் வேலைகள். கட்டணம் எதுவும் கேட்கவில்லை. குறைகளையும் எழுதவிருப்பதால் மையத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. இப்படிப்பட்ட சேவையை நாளை தேட நேரும் குடும்பம் எதை எதிர்பார்க்கலாம், எதை வற்புறுத்திக் கேட்டுப் பெற வேண்டும் என்பதைச் சொல்வதே என் நோக்கம்.

வெளியேறச் சொல்லி அறிவிப்பு வந்தபோது எங்களுக்கு இருபது நிமிடம்கூட முழுதாகக் கிடைக்கவில்லை. மணி தானாகவே வந்து காரில் ஏறிக்கொண்டது. பஞ்சு கட்டிலுக்கு அடியில் சுவரை ஒட்டிப் பதுங்கிவிட்டது. கையை நீட்டினால் இன்னும் உள்ளே போயிற்று. கடைசியில் திறந்திருந்த பின்கதவு வழியாக ஓடிவிட்டது. பயந்த பூனை ஆளைத் தேடி வராது, இருட்டைத் தேடிப் போகும் என்பது எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் அது எந்த உதவிக்கும் ஆகவில்லை. மறுநாள் மையத்தைத் தொலைபேசியில் அழைத்தபோது, ஏன் விட்டுவிட்டு வந்தீர்கள் என்ற கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். பேசிய தன்னார்வலர் அதைக் கேட்கவே இல்லை. பூனை வழக்கமாக எங்கே ஒளியும், வீட்டைச் சுற்றி வடிகாலோ குழாய்ப் பாலமோ இருக்கிறதா, இரவில் எந்தச் சத்தத்துக்கு வரும், உடம்பில் நிறத்தைத் தவிர வேறு என்ன அடையாளம் உண்டு என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். இந்தச் சேவையின் தரத்தை அந்தப் பதினைந்து நிமிட உரையாடலிலேயே என்னால் உணர முடிந்தது.

நிறத்தைத் தவிர என்று அவர் கேட்டதன் பொருள் பின்னர்தான் விளங்கியது. பஞ்சு பெயருக்கேற்ற வெள்ளைப் பூனை. ஆனால் கரியும் சாம்பலும் படிந்த வெள்ளை முடி சாம்பல் நிறமாகிவிடுகிறது. மீசை முடிகள் பொசுங்கி, காது நுனிகள் சுருண்டு, முகமே வேறாகிவிடுகிறது. பத்தொன்பதாம் நாள் இரவு, எங்கள் தெருவுக்கு அடுத்த மழைநீர் வடிகாலில் வைத்திருந்த பொறிக்கூண்டில் அகப்பட்ட பூனை, பதிவேட்டில் ‘சாம்பல் நிறம், ஆண்’ என்று ஏறியது. பஞ்சு பெண் பூனை. இடையில் நாங்கள் மூன்று முறை மையத்தின் படப் பட்டியலைத் திறந்து, ‘வெள்ளை, பெண்’ என்று தேடிவிட்டு வெறுங்கையாக மூடியிருக்கிறோம். பட்டியலில் நிறத்தையும் பாலினத்தையும் வைத்துத்தான் தேட முடியும் என்ற அமைப்பு, தீக்குப் பிந்தைய வேலைக்குப் பொருந்தாதது. மையத்தின் குறைகளில் இதையே முதலாவதாக வைப்பேன்.

மைக்ரோசிப் இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது. தோலுக்கடியில் இருக்கும் அந்த அரிசி மணி அளவுப் பொருளுக்கு மின்கலம் கிடையாது. அது இருக்குமிடத்தை எங்கும் அறிவிக்காது. படிக்கும் கருவியை அருகில் கொண்டுபோனால் தன் 15 இலக்க எண்ணை மட்டும் சொல்லும். கழுத்துப்பட்டை எரிந்து போகலாம், கழன்று விழலாம், இது உடம்போடு இருக்கும். ஆனால் அந்த எண்ணுக்கு எதிரே பதிவகத்தில் எழுதியிருந்த தொலைபேசி எண்ணை நான் நான்கு ஆண்டுகளுக்கு முன்பே மாற்றிவிட்டிருந்தேன், பதிவகத்துக்குத் தெரிவிக்கவில்லை. மையத்தினர் அந்தப் பழைய எண்ணைப் பல முறை அழைத்திருக்கிறார்கள். அதோடு விட்டுவிடாமல், புகைப்படங்களை ஒப்பிடுவதற்கென்றே அமர்ந்திருக்கும் தன்னார்வலர்களிடம் கோப்பை அனுப்பினார்கள். அவர்களில் ஒருவர், முதல் நாள் தொலைபேசியில் நான் சொல்லியிருந்த ‘வால் நுனி இடப்பக்கமாக மடங்கியிருக்கும்’ என்ற குறிப்பைப் படத்தோடு பொருத்திப் பார்த்து என்னை அழைத்தார். ஆண் என்று பதிவானதை அவர் பொருட்படுத்தவில்லை. தேடும் கருவி தவறவிட்டதை ஒரு மனிதரின் கவனம் பிடித்துத் தந்தது.

மருத்துவப் பிரிவைப் பற்றி விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் அவர்கள் எதைச் செய்தாலும் அதன் காரணத்தை எங்களுக்குப் புரியும்படி சொன்னார்கள். பஞ்சுவின் நான்கு பாதங்களிலும் அடிச்சதை வெந்து, இரண்டில் சீழ் பிடித்திருந்தது. உடல் எடையில் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பசியோடு வந்த பூனைக்கு வயிறு நிறையப் போடலாமே என்று அம்மா கேட்டார். பல நாள் பட்டினி கிடந்த உடலுக்கு ஒரேயடியாக உணவு கொடுத்தால் இரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் அளவுகள் திடீரென்று விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்றும், அதே சமயம் பூனை சாப்பிடாமலே இருந்தால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து அதுவும் கெடும் என்றும், அதனால்தான் அளந்து அளந்து கூட்டிக்கொண்டு போகிறோம் என்றும் கால்நடை மருத்துவர் விளக்கினார். கண்ணில் சாயம் விட்டு நீல விளக்கொளியில் பார்த்தார்கள். கண்ணின் முன்புறத்தை மூடியிருக்கும் கருவிழிப் படலத்தில் புண் இருந்தால் அந்த இடம் பச்சையாகத் தெரியுமாம். இடது கண்ணில் தெரிந்தது. இரண்டு வாரச் சொட்டு மருந்தில் அது ஆறியது.

பாதங்களில் புண் உள்ள பூனைக்கு இதயத்தை ஏன் ஸ்கேன் செய்கிறார்கள் என்று முதலில் எனக்குக் குழப்பமாக இருந்தது. கலிஃபோர்னியாவில் 2017இல் மூண்ட டப்ஸ் தீயிலும் 2018இல் மூண்ட கேம்ப் தீயிலும் காயமடைந்த பூனைகளை டேவிஸில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவர்கள் ஆராய்ந்தபோது, பலவற்றில் இதயத் தசை தடித்திருப்பதையும், இரத்தம் உறைந்து கட்டியாகும் அபாயம் இருப்பதையும் கண்டார்கள். வெளிக்காயம் ஆறிவரும் பூனை திடீரென்று இறந்துபோவதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். அந்த ஆய்வைப் படித்து, தன் வழக்கமான பரிசோதனையில் சேர்த்துக்கொண்ட மையம் இது. பஞ்சுவின் இதயத்தில் சிறிய தடிப்பு தெரிந்தது; ஆறு வாரம் கழித்து மறுபடியும் பார்த்தபோது அது குறைந்திருந்தது.

கட்டு மாற்றுவதுதான் எங்களுக்கெல்லாம் பெரிய வேதனையாக இருந்தது. மயக்க மருந்து கொடுத்தே மாற்றினார்கள். அடிக்கடி மயக்கம் கொடுப்பதும் மெலிந்த உடலுக்கு நல்லதில்லை. அப்போதுதான் மருத்துவர் மீன்தோல் முறையைப் பற்றிச் சொன்னார். நாம் ஜிலேபி மீன் என்று சொல்லும் திலாப்பியாவின் தோலைத் தூய்மைப்படுத்திப் புண்ணின் மேல் ஒட்டும் முறை, மனிதர்களின் தீக்காயத்துக்காக முதலில் பிரேசிலில் வளர்ந்தது. 2017 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் தாமஸ் தீயில் பாதம் வெந்த இரண்டு கரடிகளுக்கும் ஒரு மலைச்சிங்கக் குட்டிக்கும் அதைப் போட்டுப் பார்த்தார்கள். அந்தத் தோலில் கொலாஜன் என்னும் புரதம் நிறைய உண்டு. புண்ணை ஈரமாக வைத்திருக்கும். பல நாட்கள் எடுக்காமல் விடலாம். விலங்கு கடித்துத் தின்றுவிட்டாலும் பெரிய கெடுதல் இல்லை. பஞ்சுவின் பின்னங்கால் இரண்டுக்கும் அதைப் போட்டார்கள். முன்னங்கால்களில் சீழ் இருந்ததால் அங்கே பழைய முறைக் களிம்பும் கட்டுமே தொடர்ந்தன. புதிய முறை கையில் இருக்கிறது என்பதற்காக எல்லா இடத்திலும் அதைப் போடாமல், எந்தப் புண்ணுக்கு எது என்று பிரித்துப் பார்த்த நிதானத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

இரண்டு நாட்களுக்கு ஒரு முறை படத்துடன் செய்தி வந்தது. அதிலும் ஒரு நுணுக்கம் இருந்தது. காயத்தின் படத்தை அனுப்புவதற்கு முன், பார்க்க விரும்புகிறீர்களா, உங்கள் மகளும் பார்ப்பாரா என்று கேட்டுவிட்டுத்தான் அனுப்பினார்கள்.

மணியின் கதை வேறு வகையானது. அது எங்களுடனேயே காரில் வந்துவிட்டதால் அதற்கு ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தோம். இரண்டாம் நாள் இரவில் இருமத் தொடங்கியது. புகையை உள்ளிழுத்ததன் விளைவு ஓரிரு நாள் தாமதித்தும் வெளிப்படலாம், ஈறுகளின் நிறத்தையும் மூச்சின் வேகத்தையும் பாருங்கள், உடனே கூட்டி வாருங்கள் என்று மையத்தின் இரவு நேர எண்ணில் சொன்னார்கள். இரண்டு நாட்கள் பிராண வாயுக் கூண்டில் வைத்திருந்து தேற்றினார்கள். வீட்டில் இருக்கும் காய்ச்சல் மாத்திரை, வலி மாத்திரை எதையும் எந்த விலங்குக்கும் கொடுக்காதீர்கள் என்று அழுத்தமாக எச்சரித்தார்கள். பாராசிட்டமால் ஒரே மாத்திரைகூடப் பூனையின் உயிரைப் பறிக்கக்கூடியது. தீ நடந்த அன்றே இந்தச் செய்தியை எல்லாக் குடும்பங்களுக்கும் அனுப்பியிருக்கலாம். கேட்டவர்களுக்கு மட்டுமே சொன்னது போதாது.

எங்களுக்குக் கிடைத்த தற்காலிக வாடகை வீட்டில் விலங்குகளுக்கு அனுமதி இல்லை. வீடிழந்த குடும்பங்கள் பல, தீயிலிருந்து காப்பாற்றிக்கொண்டு வந்த விலங்கை இந்த இடத்தில்தான் இழக்கின்றன. உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு அழுதுகொண்டே போகும் இருவரை மையத்தின் வரவேற்பறையிலேயே பார்த்தேன், ஆனால் அவர்கள் வேறொரு காப்பகத்துக்கான படிவத்துடன் வந்தவர்கள். இந்த மையம் உரிமையை எழுதி வாங்காமல், விலங்கு எங்களுடையதாகவே இருக்க, வளர்ப்பை மட்டும் தற்காலிகமாக ஓர் இல்லத்தில் ஒப்படைத்தது. மணியை ஏற்றுக்கொண்ட குடும்பம் வாரம் ஒரு முறை எங்களை வரவேற்றது. எல்லாவற்றையும் இழந்த பின் பேச்சைக் குறைத்துக்கொண்டுவிட்ட அம்மா, அந்தச் சந்திப்புகளுக்கு மட்டும் முன்கூட்டியே தயாராகி, சீப்பை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார். ஒரு மணி நேரம் மணிக்கு முடி வாரிவிடுவார். வேறெந்த ஆறுதலையும் விட அது அவருக்கு உதவியது என்றே நம்புகிறேன்.

பஞ்சுவின் கூண்டில் வைக்க வீட்டு வாசனையுள்ள துணி ஒன்று வேண்டும் என்று மையத்தில் கேட்டார்கள். எங்களிடம் பழைய துணி ஒன்றுகூட இல்லை. உடுத்தியிருந்தவையும் புகை நாற்றம் போகாமல் எறியப்பட்டுவிட்டன. அதைச் சொன்னபோது, புதிய துண்டு ஒன்றை எங்களிடமே கொடுத்து, இரண்டு இரவு தலையணை மேல் விரித்துப் படுத்துவிட்டுத் திருப்பித் தாருங்கள் என்றார் ஒரு செவிலியர். மகள் அதைத் தன் முகத்துக்கடியில் வைத்துத் தூங்கினாள். துண்டு போய்ச் சேர்ந்த மறுநாள், பஞ்சு முதன்முறையாகக் கையால் ஊட்டாமல் தானே தின்றது என்று செய்தி வந்தது. துண்டுதான் காரணமா என்று எனக்குத் தெரியாது. மகளுக்கு அதில் சந்தேகமே இல்லை. பஞ்சுவுக்கு எங்கள் மேல் கோபமா என்று அவள் பல நாட்களாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியை அதற்குப் பிறகு கேட்கவில்லை.

நான்காம் மாதம் இரண்டையும் அழைத்துக்கொள்ளும்படியான வீடு கிடைத்தது. பெரும்பாலான சேவைகள் விலங்கைக் கையில் கொடுத்ததோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு வரும் வாரங்கள்தாம் உண்மையில் கடினமானவை, இந்த மையம் அதை அறிந்திருந்தது. பூனையை முதலில் ஒரே ஓர் அறையில் வைத்து, அது தானாக வாசலைத் தாண்டும் வரை காத்திருக்கச் சொன்னார்கள். மருந்து வாசனையுடன் வந்த பஞ்சுவை மணி அடையாளம் காணவில்லை, குரைத்தது. மூடிய கதவின் இரு பக்கமும் உணவு வைத்து, துணிகளை மாற்றி மாற்றிப் போட்டு, பத்து நாள் கழித்தே முகம் காட்டினோம். அடுப்பு பற்றவைக்கும் சத்தம் கேட்டாலே மணி நடுங்கிக் குளியலறையில் ஒளிந்தது. நடத்தைப் பயிற்சியாளர் ஒருவர் நான்கு முறை வீட்டுக்கு வந்தார். பற்றவைப்பானை எரியாத நிலையில் தூரத்தில் வைத்துவிட்டு மணிக்குப் பிடித்த தீனியைக் கொடுப்பது, பிறகு அதன் சத்தம் மட்டும், பிறகு கொஞ்சம் அருகில் என்று படிப்படியாகக் கொண்டுபோனார். நடுங்கும் நாயைத் திட்டக் கூடாது, அணைத்தால் பயம் வளரும் என்று அஞ்சவும் தேவையில்லை, அது அருகில் வந்தால் இடம் கொடுங்கள் என்று அவர் சொன்னது அம்மாவுக்குப் பெரிய நிம்மதி.

எரிந்த வீட்டைப் பார்க்கப் போகும்போது விலங்குகளை உடன் அழைத்துச் செல்ல வேண்டாம் என்ற அறிவுரையையும் மையமே தந்தது. நாங்கள் மணியைக் கூட்டிப் போகத்தான் இருந்தோம். சாம்பல் நனைந்தால் காரத் தன்மை பெற்றுப் பாதத்தை அரிக்கும். வீடுகள் எரிந்த சாம்பலில் ஈயமும் ஆர்சனிக்கும் இருக்கலாம். பாதத்தை நக்கும் விலங்கு அதை விழுங்கும். மேலே ஆறிப்போன மண்ணுக்கடியில் மர வேர்கள் நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கலாம். தண்ணீர் பற்றியும் எச்சரித்தார்கள்: டப்ஸ், கேம்ப் தீக்களுக்குப் பின் குடிநீர்க் குழாய்களில் பென்சீன் கலந்திருந்தது கண்டறியப்பட்டது, அப்படிப்பட்ட நீரைக் காய்ச்சினாலும் பாதுகாப்பானதாகாது. மனிதர்களுக்குக் குடிக்கக் கூடாது என்று அறிவித்த தண்ணீரை விலங்குகளுக்கும் வைக்கக் கூடாது என்பது வெளிப்படையானது போலத் தோன்றும், ஆனால் நான் யோசித்திருக்கவில்லை.

குறைகளில் நிறப் பதிவைப் பற்றி முன்பே சொன்னேன். உரிமைச் சான்று கேட்ட விதம் இன்னொன்று. தடுப்பூசி அட்டை, மருத்துவச் சீட்டு எல்லாம் எரிந்துவிட்டன என்று சொன்ன பிறகும் அதே படிவம் இரண்டு முறை வந்தது. பழைய புகைப்படங்களை ஏற்றுக்கொள்வதற்கு நான்கு நாட்கள் ஆயின. அந்த நான்கு நாட்களும் பஞ்சு எங்கே இருக்கிறது என்று தெரிந்தும் பார்க்க முடியவில்லை. விலங்கைத் தவறான ஆளிடம் கொடுத்துவிடக் கூடாது என்ற எச்சரிக்கை எனக்குப் புரிகிறது. ஆனாலும், கண்ணாடிக்கு அப்பாலிருந்து பார்க்கவாவது அன்றே அனுமதித்திருக்கலாம். பார்வை நேரம் வேலை நேரத்திலேயே இருந்தது. வீடும் ஆவணங்களும் இழந்து அலுவலகம் அலுவலகமாக அலையும் குடும்பத்துக்கு மாலை நேரமே வசதி. பறவைகளைப் பார்க்கும் மருத்துவர் அங்கே இல்லை. பக்கத்து வீட்டாரின் கிளிகளை வேறிடத்துக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. பறவைகளின் நுரையீரல் புகையால் மிக எளிதில் பாதிக்கப்படும் என்பதால் இது சிறிய குறை ஆகாது.

எல்லாவற்றையும்விட என்னை வருத்தியது, ஐந்தாம் மாத முடிவில் கோப்பை மூடிய முறை. நடத்தைப் பயிற்சியின் கடைசி வருகை முடிந்த மறுநாளே, உங்கள் கோப்பு நிறைவடைந்தது என்று ஒரு வரிச் செய்தி வந்தது. மணி அப்போதும் சைரன் சத்தத்துக்கு ஊளையிட்டுக்கொண்டிருந்தது. நான் எழுதிக் கேட்ட பிறகு மேலும் இரண்டு வருகைகளை ஒப்புக்கொண்டார்கள். கேட்டால் கிடைக்கிறது; கேட்க வேண்டும் என்று தெரியாத குடும்பம் என்ன செய்யும்? இச்சேவையை நாடுகிறவர்கள் முதல் வாரத்திலேயே மூன்றைத் தெளிவாகக் கேட்டுவிட வேண்டும் என்பேன்: உரிமை யாருடைய பெயரில் இருக்கும், மருத்துவக் குறிப்புகளின் முழு நகல் எப்போது கிடைக்கும், வீடு திரும்பிய பின் எத்தனை வாரம் துணை இருப்பார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு, இன்னொரு முறை இப்படி நேர்ந்தால் இந்த மையத்தையே அழைப்பேன், என் உறவினருக்கும் இதையே சொல்வேன். போன வாரம் பஞ்சுவை மறுபரிசோதனைக்குக் கூட்டிப் போயிருந்தேன். பின்னங்கால்களின் அடிச்சதை கறுப்பாக, கொஞ்சம் கரடுமுரடாக வளர்ந்திருக்கிறது, முன்னங்கால் ஒன்றில் ஒரு நகம் இல்லை, ஓடுகிறது, தாவுகிறது. கிளம்பும் முன் செவிலியர் படிக்கும் கருவியை அதன் தோள்களுக்கிடையில் ஓட்டினார். எண் வந்ததும், கணினியில் தட்டிப் பார்த்துவிட்டுப் பதிவகத்தில் இருக்கும் தொலைபேசி எண்ணை எனக்கு வாசித்துக் காட்டினார். என்னுடையதுதான். அதற்குக் கீழே இரண்டாவது எண்ணாக அம்மாவுடையதும் இருந்தது.